காவலரணிலிருந்து ஒரு நலம் விசாரிப்பு

இந்தியப் படை இருந்த காலத்தில் துறைமுக வீதிக் காவலரணில் ஒரு தெலுங்குச் சிப்பாய் நிற்பான். வேலைக்குப் போகிறவர்களிடம் "பாகுன்னாரா?" என்று நலம் கேட்பான். "பாகுன்னானு, மீரு?" என்று அவனையும் நலம் கேட்டால் சோதிக்காமல் விட்டுவிடுவான். நான் கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டுவேன்.

"உமக்கு வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ?" என்பார், என்னைச் சைக்கிளில் ஏற்றிப்போகும் மச்சான்.

படை கப்பலேறிப் போனது. அவர்களோடு பழகியவர்களை இயக்கக்காரர் தேடிப் பிடிக்கிறார்கள் என்று ஊரில் கதை. மறுநாள் காலை ஆளில்லாத காவலரணைக் கடந்தோம். மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருட்டிலிருந்து, "பாகுன்னாரா?" என்று ஒரு குரல் கேட்டது. அது அந்தச் சிப்பாயின் குரல் இல்லை.

பழக்கத்தில் மச்சான் வாயெடுத்தார். நான் பின்னாலிருந்து அவருடைய தோளை அழுத்தினேன்.

"கதைக்காதேங்கோ, மச்சான்."

குரல் இன்னொரு முறை, மிகவும் அன்பாகக் கேட்டது. எங்களுக்குப் பின்னால் சைக்கிளில் கூவிக்கொண்டு வந்த மீன்காரர், "பாகுன்னானு, மீரு?" என்று உற்சாகமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய கூவல் கேட்கவில்லை. சைக்கிள் ஒன்று சரிந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது.

மச்சான் பிரேக்கைப் பிடித்தார்.

"மிதியுங்கோ," என்றேன்.