சித்தப்பாவின் ஏர்போர்ட் வேலை

என் சித்தப்பா ஏர்போர்ட் வேலைக்காகத் தினமும் காலையில் என்னைத் தூக்கிப் பழகினார். விமானத்தில் போகிறவர்களின் பெட்டிகளை ஏற்றி இறக்குவதும், அவற்றை இழுத்துப்போகும் டிராக்டரை ஓட்டுவதும்தான் வேலை. மீனம்பாக்கத்தில் அதே வேலையில் இருந்த கண்ணமங்கலத்து நண்பர் ஒருவர், கனமான பெட்டியைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார். ஆரணியில் எங்கள் வீட்டில் அவ்வளவு கனத்தில் சும்மா கிடந்தது, நாலாம் வகுப்புப் பரீட்சை முடித்திருந்த நான் மட்டும்தான்.

"பாப்பா, கைய கால ஆட்டாத. பொட்டி ஆடாது" என்பார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியாக இருப்பேன்.

அவருக்கு வேறு வேலை தேடவேண்டி வந்ததே ஒரு புடவையால்தான். அப்பாவும் அவரும் வீட்டில் ஆளுக்கு ஒரு தறியில் பட்டு நெய்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் கிளம்புமுன் சித்தப்பாவுக்கு வேண்டிய நூலை நிறம் பிரித்துத் தனித்தனிக் கூடையில் வைப்பது என் வேலை. குனிந்து எடுக்கக்கூடச் சோம்பல் என்று அம்மா அவரைக் கேலி செய்வாள். எனக்கு அதற்கு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்ததால் அவருடைய சோம்பலில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து படுத்த வாரம், சித்தப்பா நூலைத் தானே எடுத்துக்கொண்டார். பச்சைப் புடவையின் நடுவில் ஒரு முழத்துக்கு அரக்கு நூல் ஓடியிருந்தது. கல்யாணப் புடவை அது. முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா தெருவே கேட்கும்படி கத்தினார். "கவனம் எங்கடா வச்சிகினு இருந்த? ஒரு முழம் நெய்ஞ்சிகீற, கண்ணுல படல? இந்த அசால்ட்டு புத்திக்குத் தறி ஒரு கேடா?" என்று அவரைத் தறியை விட்டு இறக்கினார். அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. சோறு போடச் சொல்வதுகூட அம்மா வழியாகத்தான். சித்தப்பா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. தன்மேல்தான் தப்பு என்று அவரும் நம்பினார் போலிருக்கிறது.

ஏர்போர்ட்டுக்கு வரச்சொன்ன அன்று, ஏரோப்ளேன் பார்க்காமல் சாப்பிடமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததில் என்னையும் அவர் தலையில் கட்டினார்கள். கம்பெனி ஆபீஸில் பெட்டியை அவர் பஞ்சு மாதிரித் தூக்கி வைத்தார். அடுத்தது டாக்டர். நெஞ்சு, காது எல்லாம் சரி. கடைசியில் டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் கலர் கலராகப் புள்ளிகள், அவற்றின் நடுவே ஒரு எண்.

சித்தப்பா பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எழுபத்தி நாலு" என்றேன்.

"நீ சொல்லக்கூடாதும்மா" என்று டாக்டர் சிரித்தார். அடுத்த பக்கம். அதற்கும் சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. அடுத்ததற்கும் அப்படியே. டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியலைங்க. பொறப்புலயே இருக்கறது. விளக்கு பாத்து வண்டி ஓட்டணும், அதனால இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க. வருத்தப்படாதீங்க, இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

நான் ஆசைப்பட்டபடி வேலியோரம் நின்று இரண்டு ஏரோப்ளேன் பார்த்தோம். சித்தப்பா பார்த்தாரா என்று தெரியாது. பஸ் ஆற்காடு தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். அப்புறம் கேட்டார்.

"பாப்பா, நெஜமாவே அதுல நம்பர் இருந்துச்சா?"

"ஆமா. பெருசா இருந்துச்சே."

"அன்னிக்கு அந்தப் பொடவைல... அரக்கு நல்லா தெரிஞ்சிச்சா?"

"வாசல்லேர்ந்தே தெரிஞ்சிச்சு சித்தப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டதே என்று எனக்குத்தான் ஆத்திரமாக இருந்தது. வேலை கிடைத்தால் மாதம் ஒருமுறை ஏரோப்ளேன் காட்டுவதாகப் பேச்சு.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கினார். பொட்டலத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"கெடச்சிடுச்சா?"

"கெடைக்கல அண்ணி."

"அப்புறம் இது இன்னாத்துக்கு?"

சித்தப்பா நேரே தறிக்குப் போனார். அப்பா நெய்துகொண்டிருந்தார்.

"அண்ணா, எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுதாம். பொறப்புலயே அப்டியாம். டாக்டரு சொன்னாரு. நான் அசால்ட்டா நெய்யல அண்ணா."

தறிச் சத்தம் நின்றது. அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நூலில் அரக்கில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் கையில் எடுத்து, "இது ரெண்டுமா?" என்று கேட்டார். சித்தப்பா தலையாட்டினார். அவர் நீட்டிய மைசூர்பாகை வாங்கிக்கொண்ட அப்பா அதைத் தின்னவில்லை. கையில் வைத்தபடியே அழ ஆரம்பித்தார்.

அப்பா அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஏர்போர்ட் வேலை கிடைக்காததற்குத்தான் அழுகிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.