கொடிக்கு அந்தப் பக்கம்

சென்ற ஆண்டு தை மாதம், மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் கொள்ளு அறுத்துக் காலியாகக் கிடந்த ஒரு நிலத்தில் நடந்தது இது.

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தலைக்கவசம் போடாதவர்களைத் துரத்தும் வேலை போனபின் பொழுது நகரவில்லை. ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானங்கள் செய்யத் தொடங்கினேன். மெதுவாகப் பறப்பவை சலித்துவிட, அதிவேக விமானம் ஒன்றை நானே வடிவமைத்தேன். குட்டையான இறக்கை, ஒல்லியான உடம்பு, வாலருகே மோட்டார். மேலும் கீழும் ஒரே வெள்ளை.

“அடியில வேற கலர் அடிங்க. கவுந்து பறந்தா எப்படித் தெரியும்?” என்றாள் மனைவி.

எனக்கும் தெரிந்த விதிதான். ஆனால் இன்னொரு பூச்சு அடித்தால் எடை கூடும், அழகும் கெடும். இப்படி ஒரு காரணம் கிடைத்ததும் விதியை மீறுபவர்களுக்கு வருடக்கணக்கில் வகுப்பெடுத்தவன் நான்.

அதைப் பறக்கவிட மனைவியோடு போன எனக்கு நிலத்துக்காரர் தாராளமாக இடம் கொடுத்தார். அவர் மனைவி ஓரத்துப் புளியமரத்தடியில் மாட்டுக்குச் சோளத்தட்டு கட்டிக்கொண்டிருந்தார். நான் புளியமரம் வெளிப்பக்கம் இருக்கும்படி நிலத்தின் குறுக்கே சிவப்புக் கொடிகளை நட்டு, யாரும் தாண்டி வரக்கூடாது என்று அறிவித்தேன். காற்று, பேட்டரி, சிக்னல் எட்டும் தூரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

“ஏங்க சார், இது கெளம்பறதுக்குள்ள பெங்களூரு பஸ்ஸே போய்ட்டு வந்துரும்போல. தேங்கா ஒண்ணு ஒடச்சுப் பாக்கலாங்களா?” என்றார் நிலத்துக்காரர்.

“சும்மா இருய்யா. அவரு பாத்துப் பாத்து செய்யறாரு,” என்று மரத்தடியிலிருந்து அந்த அம்மா அதட்டினார்.

விமானத்தை வீசினேன். சீறிக்கொண்டு போய், கண் இமைப்பதற்குள் புள்ளியாகிவிட்டது. திருப்பினேன். வெளுத்த வானத்தில் வெள்ளை விமானம். நிமிர்ந்து பறக்கிறதா, கவிழ்ந்து பறக்கிறதா, தெரியவில்லை. மூக்கு தாழ்வது மட்டும் தெரிந்தது. சந்தேகம் வந்தால் உடனே மோட்டாரை அணைக்க வேண்டும். அத்தனை மாத உழைப்பு விழுந்து நொறுங்குமே என்று, மேலே எழுப்பும் விசையை இழுத்தேன். கவிழ்ந்திருந்த விமானம் அதனாலேயே முழு வேகத்தில் கீழே பாய்ந்தது, புளியமரத்தை நோக்கி.

அந்த அம்மா கட்டி நிறுத்திவிட்டு அப்போதுதான் கையை எடுத்திருந்த சோளத்தட்டுக் கட்டில் அது சொருகி நின்றது.

ஓடினோம். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்தார். கேலி பேசிய மனிதர் தன் மனைவியின் தலையையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

“நான் கொடியத் தாண்டலைங்க சார். அந்தாண்டயேதான் இருந்தேன்.”

என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன் மேல் தப்பில்லை என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அடிபட்ட தொழிலாளிகள் என் விசாரணையில் இதே குரலில் பேசி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது உறைத்தது.

கிளம்பும்போது ஒரு பை தக்காளி கொடுத்தனுப்பினார்கள். வண்டியில் வரும் வழியெல்லாம் மனைவி பெயின்ட் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை.

இந்தத் தைக்கு அவர்களைப் பார்க்கப் போனோம். பேச்சின் நடுவே தலைக்கு மேல் ஒரு கொக்கு பறந்தது. அந்த அம்மா சட்டென்று தலையில் கைவைத்துக் குனிந்தார், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். விமானம் செய்வதை நான் அன்றே விட்டுவிட்டேன். அவர் பயத்தைப் போக்கத்தான், எல்லாவற்றுக்கும் ஒரு வழிமுறை வைத்திருக்கும் எனக்கு, ஒரு வழியும் தெரியவில்லை.