இரண்டாவது ஊசி

எங்கள் நாய்க்குத் தடுப்பூசி போடவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. முதல் ஊசி அது பிறந்த ஐம்பத்தெட்டாம் நாள். இரண்டாவது, அதிலிருந்து சரியாக இருபத்தோராம் நாள். மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அட்டைப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும். அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். கொஞ்ச நாள் நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

வானிலைத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று, செம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவன் நான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதி வைப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெப்பம் என்றால் என்னவென்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

நாய் எனக்கு வேண்டியிருக்கவில்லை. மனைவியின் தங்கை படப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். வெள்ளை நிறம், பொமரேனியன் கலப்பு, இடது காது மட்டும் பழுப்பு. பெயர் வைக்கலாம் என்று மூன்று வாரம் பேசினோம், வைக்கவில்லை. மனைவி "டேய்" என்பாள், வந்துவிடும். முழங்கால் வலியால் அவள் வெளியே போவதை நிறுத்தியிருந்த நாட்கள் அவை. காலையிலிருந்து மாலை வரை அதனோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னோடு பேசியதைவிட அதிகம் என்று சொன்னால் மிகையில்லை.

காலையில் ஏரிக்கரையில் நாயோடு நடக்கிறவர்கள் அப்போது பதினான்கு பேர். எதை வைத்து ஆரம்பித்தாலும் பேச்சு சாவில் வந்து நிற்கும். ஒருவருடைய லாப்ரடார் இரண்டே நாள் இரத்தமாகக் கழிந்து போய்விட்டது. அது பார்வோ. இன்னொருவருடையது எலி மூத்திரத்தில் வரும் காமாலையில் போனது. உண்ணிக் காய்ச்சல், வெறி நோய். இவை எல்லாவற்றுக்கும் மேல் டிஸ்டெம்பர். அது நரம்புக்கு ஏறிவிட்டால் பிழைத்தாலும் பிழைப்பில்லை என்றார் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் வீட்டுக்கு வந்து ஐந்து நோய்களையும் ஒரு தாளில் எழுதி, எதற்கு ஊசி உண்டு, எதற்கு இல்லை என்று கோடு போட்டேன்.

எங்கள் நாய் டாக்டர் தாம்பரத்தில் மாலை நேரத்தில் மட்டும் பார்ப்பவர். ஊசி மருந்து அவரிடம் இருக்காது. மார்க்கெட் பக்கம் கால்நடை மருந்து விற்கும் கடையில் நாமே வாங்கி, ஐஸ் கட்டி போட்ட பையில் கொண்டுபோக வேண்டும். எனக்கு இரண்டு முறை அலைய விருப்பமில்லை. முதல் ஊசிக்குப் போனபோதே இரண்டாவதையும் வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பெட்டியின் மேல் இரண்டிலிருந்து எட்டு டிகிரி என்று அச்சிட்டிருந்தது. அதையும் படித்தேன்.

முதல் ஊசி போட்ட பத்தொன்பதாம் நாள் படப்பையில் ஒரு நிச்சயதார்த்தம். குட்டியையும் தூக்கிக்கொண்டு போய் இரவு தங்கிவிட்டு, மறுநாள் மதியம் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறைத் தரையில் தண்ணீர். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஐஸ் எல்லாம் உருகி வழிந்திருந்தது. எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், தெருவில் நடப்பது எல்லாம் அவருக்குத் தெரியும்.

"மயைல டிரான்ஸ்பார்மர் பூட்ச்சு சார். நேத்து நாலு மணிக்குப் போனது. இன்னிக்கு காலைல பத்துக்குத்தான் வந்துச்சு."

பதினெட்டு மணி நேரம். பால் திரிந்திருந்தது, கொட்டினேன். தேங்காய்ச் சட்னியைக் கொட்டினேன். மீன் குழம்பைக் கொட்டினேன். ஊசி மருந்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு குப்பியில் வெள்ளைப் பொடி, இன்னொன்றில் கரைக்கும் நீர். பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. ஃப்ரிட்ஜுக்குள் எவ்வளவு சூடு ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் எட்டில் நிற்கவில்லை. கடைக்குப் போன் செய்தேன். புது மருந்து வர பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். பழையதைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு நாள்ல என்ன சார் ஆயிடப் போவுது," என்றார்.

இருபத்தோராம் நாள் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. பத்து நாள் காத்திருந்தால் அது முப்பதோ முப்பத்தொன்றோ ஆகிவிடும். புத்தகத்தின் அந்தக் கட்டத்தில் வேறு தேதி வருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. இவ்வளவு அற்பமான காரணம்தான்.

டாக்டர் குப்பியைக் கையில் வாங்கும்போது கேட்டார். "கூலிங்லயே இருந்துச்சா சார்?"

"ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருந்தேன்," என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நாய்க்கு ஏழு மாதம் ஆனபோது கண்ணில் பீளை கட்டியது. பிறகு மூக்கு ஒழுகியது, காய்ச்சல் வந்தது, உள்ளங்கால் தோல் காய்ந்த ரப்பர் போலக் கெட்டியானது. பன்னிரண்டாம் நாள் வலது பின்னங்கால் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. தூக்கத்திலும் நிற்காது. நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு முறை. டிஸ்டெம்பர்தான் என்ற டாக்டர், புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு டோஸும் கரெக்டா போட்டிருக்கீங்களே சார். நூத்துக்கு நூறுன்னு எந்த மருந்தையும் சொல்ல முடியாது. நோய் வந்த நாய் ஏதாவது பக்கத்துல வந்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "கேட் கிட்ட ஒரு தெருக்குட்டி வரும் டாக்டர். கண்ணெல்லாம் ஒழுகிக்கிட்டு. பாவமேன்னு சோறு வச்சேன்."

"அதுல வந்திருக்கலாம்மா," என்றார் டாக்டர்.

நோய் கண்ட பத்தொன்பதாம் நாள் அவரே ஊசி போட்டு அதன் உயிரை முடித்து வைத்தார். அந்த ஊசி மட்டும் சரியாக வேலை செய்தது.

அதற்குப் பிறகு மனைவி தெரு நாய்களுக்குச் சோறு வைப்பதை நிறுத்திவிட்டாள். காலையும் மாலையும் கேட்டடியில் பினாயில் ஊற்றிக் கழுவினாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. யார் வந்து விசாரித்தாலும், "என் புத்திதான். கண்டதுக்கும் சோறு வச்சு வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டேன்," என்பாள். நான்கு மாதம். குறைந்தது முப்பது பேரிடமாவது சொல்லியிருப்பாள். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் ஒரு குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

"இன்னா சார், நம்ம வூட்டுக்கும் ஒரு ஆளு வந்துகீறாரு பாரு. பொத்தேரில காலேஜ் பசங்க ரூம காலி பண்ணிட்டு இத்த வுட்டுட்டுப் போய்ட்டாங்க. பாவமா இருந்துச்சு, தூக்கினு வந்துட்டேன்."

"ஊசி போட்டாச்சா தம்பி?"

"எதுக்கு சார்? நீங்க ரெண்டு ஊசி போட்டு, புக்கெல்லாம் வச்சிகினு இருந்தீங்க. இன்னா ஆச்சு? நம்ம தெருவுல மூணு வூட்ல இப்ப ஊசியே போடறதில்ல. சார் வூட்டு நாயே போச்சு, உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜார்னு நான்தான் சொன்னேன்."

எங்கள் தெருவில் நாய் இருந்த வீடுகள் ஆறு. இவரோடு சேர்த்து நான்கு வீட்டில் ஊசி கிடையாது. குட்டி அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

"போட்டுடுங்க தம்பி. எங்க நாய்க்குப் போட்டது கெட்டுப்போன மருந்து."

"யாரு குடுத்தது? அந்த மெடிக்கல்காரனா? வா சார், போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்."

"அவர் இல்லை. நான்தான். டிரான்ஸ்பார்மர் போச்சே, அன்னைக்கு ஃப்ரிட்ஜ்ல இருந்தது. தெரிஞ்சேதான் கொண்டுபோய்ப் போட்டேன்."

அவர் குட்டியை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "அன்னிக்கு பால் கெட்டுச்சுன்னு என் கண்ணு முன்னாடிதான சார் சாக்கடைல ஊத்துன. பால் கெடும், மருந்து மட்டும் கெடாதா? இவ்ளோ படிச்சுட்டு இன்னா சார் நீ."

திரும்பினேன். பின்னால் மனைவி பினாயில் வாளியோடு நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரம் கரண்ட் இல்லாம இருந்தது?" என்று கேட்டாள்.

"பதினெட்டு மணி நேரம்."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். மதியம் சாப்பாடு போட்டாள். மோர் ஊற்றும்போது சொன்னாள். "டாக்டர் கிட்ட மறைச்சீங்க, சரி. நான் ஒவ்வொருத்தர் கிட்டயும் என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே. அப்ப நீங்க பேப்பர்தான படிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

எதிர்வீட்டுக்காரர் மறுநாளே குட்டியை டாக்டரிடம் கொண்டுபோனார். மற்ற மூன்று வீட்டுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டார், எனக்கு அந்த வேலை மிச்சம். எப்படிச் சொல்லியிருப்பார் என்பது ஏரிக்கரையில் தெரிந்தது. மருந்து வாங்கினால் சாரிடம் கொடுத்து வைக்காதே என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பதில்லை.

அந்த ஞாயிறு மாலையே மனைவி ஒரு சட்டியில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். நாய்கள் உடனே வரவில்லை. நான்கு மாதமாக பினாயில் வாடையையே கண்டவை, தெருவின் அந்தப் பக்கமே நின்று பார்த்தன. அவள் முழங்கால் வலியோடு குனிந்து சட்டியைத் தரையில் வைக்க முடியாமல் நின்றாள். நான் எழுந்து போய்க் கை நீட்டினேன்.

"நீங்க உள்ள போங்க," என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே குனிந்து வைத்தாள்.