தெருப்பக்க யன்னல்

மலாயாவிலிருந்து லீவில் வட்டுக்கோட்டைக்கு வந்த எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது, வீடு திருத்தப் பிடித்த கொந்தராத்துக்காரர் செல்லத்துரையின் பேச்சுத்தான். வீடு என் சீதன வீடு, திருத்துவிப்பவளும் நான். கேள்வியை நான் கேட்பேன்; பதிலை அவர் என் தம்பிக்குச் சொல்வார். தம்பி இல்லாத நாளில் முற்றத்துப் பலாமரத்துக்குச் சொல்வார். மரியாதையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கேட்டது தெருப்பக்கச் சுவரில் ஒரு பெரிய யன்னல். கோலாலம்பூரில் எங்கள் றெயில்வே குவாட்டர்ஸில் அப்படியொன்று இருக்கிறது. போன புதிதில் அதன் வழியே பக்கத்து வீட்டு மலாய்க்காரி "மாக்கான்?" என்றாள். சாப்பாடு கேட்கிறாள் என்று எண்ணி ஒரு கோப்பை சோற்றை நீட்டினேன். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாளாம். சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டாள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள். அந்த யன்னல் மட்டும் இல்லாதிருந்தால் தனிமையில் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

ஒருநாள் கோயிலுக்குப் போய்வந்து பார்த்தால், யன்னலுக்கு விட்ட இடைவெளியை மேசன்மார் கல் வைத்து அடைக்கத் தொடங்கியிருந்தார்கள். யன்னலின் மரநிலை கிணற்றடியில் கிடந்தது.

"தெருவைப் பார்த்த யன்னல் குடும்பப் பொம்பிளையளுக்கு என்னத்துக்குத் தம்பி? ஊர் சிரிக்கும்," என்றார் செல்லத்துரை, வழக்கம்போலத் தம்பியைப் பார்த்து.

"ஓம் அக்கா, அவர் சொல்லுறதும் சரிதானே," என்று தம்பி இழுத்தான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த இடைவெளியில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு கால் வீட்டுக்குள், ஒரு கால் தெருப்பக்கம். மேசன்மார் சாந்துக் கரண்டியோடு விழித்துக்கொண்டு நின்றார்கள். தெருவால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் என் வீட்டில் என் சொல் எடுபடாவிட்டால் பிறகு எங்கே எடுபடும்? குழைத்த சாந்து காயத் தொடங்கியபோதுதான் செல்லத்துரை முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, இறங்குங்கோ."

"நிலையைக் கொண்டு வாங்கோ. இறங்குறன்."

கொண்டுவந்தார்.

யன்னல் வைத்தாயிற்று. ஆனால் லீவு முடிகிற நேரம் தம்பி சிரித்துக்கொண்டு சொன்னான்: "நீங்கள் கப்பலேறின கையோடை உந்த யன்னலைப் பூட்டிப்போடுவன், அக்கா."

நானும் சிரித்தேன். புறப்படுகிற காலை யன்னல் தாழ்ப்பாளைக் கழற்றி என் றங்குப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். புதிது வாங்க அவன் காசு செலவழிக்கமாட்டான்; கயிற்றால் கட்டினால் கட்டட்டும். சோளகக் காற்று ஒரு மூச்சில் அவிழ்த்துவிடும்.

இப்போது அந்தத் தாழ்ப்பாள் கோலாலம்பூரில், என் யன்னலோரத்தில் கிடக்கிறது. மலாய்க்காரி எடுத்துப் பார்த்து, எந்தக் கதவுக்கு என்று கேட்கிறாள். இங்கே அது எதற்கும் பொருந்தாது. அங்கே என் யன்னல் பூட்ட முடியாமல் திறந்து கிடக்கிறது.