அந்தோணிமேரி அகராதி பார்த்த கதை

ஆவூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த அந்தோணிமேரிக்கு முதல் ஆங்கிலக் கடிதம் 1950 அக்டோபரில் வந்தது. அவள் கணவன் சந்தனராஜ் மலாயாவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் எழுதினால் தமிழில்தான் எழுதுவான். இது தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்த, டைப் அடித்த கடிதம்.

ஊரில் ஆங்கிலம் தெரிந்தவர் உபதேசியார் சவரிமுத்து மட்டும்தான். பங்குச் சாமியார் வராத நாட்களில் மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். இரண்டு இடத்தில் தடுக்கி நின்றார்.

“டிசீஸ்னு போட்டிருக்கும்மா. நோய். ஒன் வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லையாம். வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க. தோட்டத்துலயே வச்சிருக்காங்களாம்.”

“என்ன நோயின்னு போடலீங்களா?”

“அது போடலையே.”

அன்றிலிருந்து அந்தோணிமேரி வெள்ளிக்கிழமைகளில் உப்பில்லாமல் சாப்பிட்டாள். கணவனுக்குச் சுகம் கேட்டு மாதாவிடம் ஒன்பது நாள் ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்தாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது தன் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். மலாயாவுக்குத் தமிழில் மூன்று கடிதம் போட்டாள். மறுவருஷம் ஐப்பசியில்தான் பதில் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்.

“பெட்டிய முன்னாடி அனுப்புறாங்களாம். அவரு லேட்டுன்னு போட்டிருக்கு. லேட்டா வருவாரு” என்றார் உபதேசியார். அவள் மாமியார் அதைக் கேட்டு, மகன் வரப்போகிறான் என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

பெட்டி மார்கழியில் கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து கீரனூர் ஸ்டேஷனுக்கு வந்தது. மேலே இரண்டு சட்டை. அடியில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், மாதா படம் தைத்த சிறு துணியைக் கயிற்றில் கோத்த உத்தரியம். குளிக்கும்போதுகூட சந்தனராஜ் கழுத்திலிருந்து கழற்றாத கயிறு. அந்தோணிமேரி அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மாமியார் பார்ப்பதற்குள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அந்த மாதம்தான் மாற்றலாகி வந்திருந்த டீச்சர் மரிய செல்வியின் அலமாரியில் ஓர் ஆங்கில-தமிழ் அகராதி இருந்தது.

“குடும்மா, நான் படிச்சுச் சொல்றேன்.”

“வேணாங்க டீச்சர். இன்னொருத்தர் வாயால கேக்க எனக்குத் தெம்பில்ல. நானே பாக்குறேன்.”

ஆறாவது வரை படித்தவள். எழுத்துகள் தெரியும், அவ்வளவுதான். வகுப்பறை மூலையில் உட்கார்ந்து முதலில் உபதேசியார் சொன்ன டிசீஸ் என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் கடிதத்தை வைத்தாள். அகராதியில் டி-க்கு அடுத்து ஐ இருந்தது. கடிதத்தில் ஈ. தான்தான் தவறாகப் பார்க்கிறோம் என்று நினைத்து விரல் வைத்து மறுபடி பார்த்தாள். பிறகு பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். டிசீஸ்டு: இறந்துபோன, காலமான. தோட்டம் பற்றிய வரியில் இருந்த இன்டர்: புதை, அடக்கம் செய். லேட் என்ற சொல்லுக்கு முதல் பொருள் தாமதமான. மூன்றாவதாக, காலஞ்சென்ற.

பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அகராதியை மூடி டீச்சர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

உபதேசியார் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல, விளக்குமாற்றைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

“தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க.”

“வெக்கமா இருந்துச்சும்மா. ஊரு பூராவும் எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கு.”

“பதினாலு மாசம். மண்ணுக்குள்ள கெடக்குறவருக்கு ஒடம்பு தேறணும்னு வேண்டியிருக்கேன். அவரு ஆத்துமாவுக்கு ஒரு பூசை இல்ல, ஒரு மெழுகுவத்தி இல்ல.”

அதன்பின் யார் கடிதத்தையும் அவர் கையில் வாங்கவில்லை.

மாமியார் நம்பவே இல்லை. “புஸ்தகத்துல போட்டிருந்தா எம் புள்ள செத்துப்போயிருவானா?” என்று கத்தினாள். மகனுக்காகப் பூசை வைத்த அன்று கோயிலுக்கு வர மறுத்துவிட்டாள். மூன்று வருஷம் கழித்துச் சாகும்போதும், “அவன் வந்தா எம் பக்கத்துல ஒக்காரச் சொல்லு” என்றுதான் சொன்னாள். அந்தோணிமேரி, “சொல்றேன் அத்த” என்றாள்.

சொற்களைப் படிப்பதை மட்டும் அவள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் அகராதியைத் திறந்து, மரணம், நோய், கப்பல், கோர்ட் என்று கடிதங்களில் வரக்கூடிய கடினமான சொற்களாகத் தேடி நோட்டில் எழுதினாள். கவிதை, பூ பக்கமெல்லாம் போகவில்லை. 1960-க்குள் ஆறு நோட்டு நிரம்பியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் மலாயாவிலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்தால் அவளிடம்தான் வந்தார்கள். தெரியாத சொல் இருந்தால், “நாளைக்கு வாங்க, பாத்துச் சொல்றேன்” என்பாள்.

1961 வைகாசியில் காத்தாயி என்பவள் ஒரு கடிதத்தோடு வந்தாள். அவள் கணவன் மலாயாவில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தான். கடிதத்தில் இன்க்யூரபிள் என்று இருந்தது. அந்தோணிமேரிக்கு அது தெரிந்த சொல். இருந்தும் ஒருநாள் தவணை கேட்டு வாங்கி, அகராதியில் மறுபடி பார்த்தாள்.

“குணமாகாதுன்னு எழுதியிருக்காங்க, காத்தாயி. ஊருக்கு அனுப்ப முடியாதாம்.”

காத்தாயி கடிதத்தை எட்டிப் பார்த்தாள்.

“எம் மகளுக்கு வர்ற ஆவணியில கல்யாணம். அப்பன் வருவாருன்னு சம்பந்தக்காரங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். அதுவரைக்கும் பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம்ல நீ?”

அந்தோணிமேரி கடிதத்தை மடித்து அவளிடம் நீட்டினாள்.

அதற்குப் பிறகு காத்தாயி அவளிடம் வரவே இல்லை. அடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கீரனூருக்குப் போனாள் என்றும், அங்கே யாரோ அவன் குணமாகிவருவதாகப் படித்துச் சொன்னார்கள் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தோணிமேரி அவளைக் குறை சொல்லவில்லை.