லிஃப்டில் ஏறாத தையல்காரி

ஊரில் அந்த வானளாவிய கட்டடத்தின் படம் இல்லாத காலண்டரும் கிடையாது, அதன் உச்சியில் வில்லன் தொங்காத சினிமாவும் கிடையாது. கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள், அதற்கும் மேலே ஹோட்டல், பணக்காரர் வீடுகள் என்று ஒரு நகரமே அதற்குள் குடியிருந்தது. பதினைந்தாவது மாடியில் ஹோட்டல் சீருடைகளைத் தைப்பவள் அவள். ஒருமுறை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட பிறகு, தேய்த்த சட்டைகளை அடுக்கிக்கொண்டு படியேறியே ஹோட்டலின் எல்லா மாடிக்கும் கொடுத்துவருவாள். ஹோட்டலுக்கு மேலே மட்டும் போனதில்லை.

நாத்தனாருக்கு இது போதாதா? "உலகமே வந்து உச்சியில போட்டோ எடுக்குது. எங்க அண்ணி இங்கயே வேலை பார்த்தும் பாதிக்கு மேல பார்த்ததில்ல!"

ரோஷம் வந்தது. கட்டடத்தின் உச்சி வரை வருடாவருடம் நடக்கும் படியேறும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"அண்ணி, வேண்டாம். தூக்கிட்டு வர நாலு ஆள் தேவைப்படும்."

போட்டியன்று ஜிம் உடம்புக்காரிகள் முதலில் பறந்தார்கள். அவள் சட்டை கொண்டுபோகும் அதே நடையில் ஏறினாள். நடுவில் இறக்கிவைத்தால் சட்டை கசங்கும் என்று, நிற்காமலே ஏறிப் பழகிய கால்கள் அவை. பறந்தவர்கள் ஒவ்வொருவராகப் படியில் உட்கார்ந்திருக்க, "கொஞ்சம் வழி விடும்மா" என்று தாண்டிக்கொண்டே போனாள்.

பெண்களில் உச்சியை முதலில் தொட்டது அவள்தான். மூச்சிரைப்பு அடங்கியதும் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"எங்க நிக்கற? கீழ எல்லாரும் எறும்பு மாதிரி தெரியறீங்க. கையை ஆட்டு!"

ஓர் எறும்பு குதித்துக் குதித்துக் கையாட்டியது.