துண்டின் மறுமுனையில் அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அன்று வந்து எங்களைத் தாங்கிக்கொண்ட உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பலவிதமாக அறிவீர்கள். மகளாகிய நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது விழுப்புரம் பக்கத்துக் காணை கிராமத்தில். சொந்தமாக நிலம் இல்லாத குடும்பம். பிறர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்து வளர்ந்தவர், திருமணத்துக்குப் பிறகு திண்டிவனம் வந்து சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக அங்கே ஒரு சிறு பள்ளி தொடங்கியபோது, அவர்களை வீட்டிலிருந்து அழைத்து வரும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது.

அப்படித்தான் செல்வியின் வீட்டுக்குப் போனார். வாய் பேசாத அந்தச் சிறுமியைக் கட்டில் காலோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். அப்பா முகம் மாறியதைக் கண்ட அவள் தாய் அழுதுவிட்டார்.

"கட்டலன்னா கெணத்தாண்ட ஓடிடுதுண்ணா. நான் கரும்பு வெட்டப் போயிட்டா யாரு பாத்துக்கினு இருப்பாங்க?"

அப்பா அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அழுவாதம்மா. பகலெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். தம் தோள்துண்டின் ஒரு முனையை அவள் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தம் மணிக்கட்டிலும் தளர்வாக முடிந்துகொண்டார்.

பள்ளியில் அதைப் பார்த்த ஆசிரியை, "என்னங்க இது, நீங்களும் கட்டிப் போட்டா எப்படி?" என்றார்.

"நானும் சேந்துதான டீச்சர் கட்டுல இருக்கேன்? அது போற எடத்துக்கெல்லாம் நானும் போவேன்."

போனார். அவள் பெஞ்சுக்கு அடியில் புகுந்தால் அப்பாவும் குனிந்து புகுந்தார். குழாயடியில் உட்கார்ந்தால் அவரும் உட்கார்ந்தார். அப்படியே வகுப்பிலேயே தங்கி, ஆசிரியைக்கு உதவியாளர் ஆனார். உடுப்பை நனைத்துக்கொண்ட பிள்ளைகளைக் கழுவி மாற்றிவிடுவார். வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருப்பார். "ஆம்பளைக்கு ஆயா வேலையா?" என்று தெருவில் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஒருமுறை பிள்ளைகளைத் திருவக்கரைக்கு வேனில் அழைத்துப் போனார்கள். நானும் போயிருந்தேன். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கல்லாகிப்போன பழங்காலக் கல்மரங்களைப் பார்க்க வந்ததும், அவளைத் தானாக நடக்கவிட்டுப் பார்க்க எண்ணி அப்பா துண்டின் முடிச்சை அவிழ்த்தார். செல்வி எடுத்தாள் ஓட்டம். அந்தப் பக்கம் பஸ் போகும் சாலை.

"ஐயோ, புடிங்க!" என்று ஆசிரியை அலறினார்.

"யாரும் தொரத்தாதீங்க! தொரத்துனா இன்னும் ஓடும்."

சொல்லிவிட்டு அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்த அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து அவள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் உரிக்கத் தொடங்கினார். குரலை உயர்த்தாமல் கூப்பிட்டார். "செல்வி, அப்பா இங்கதான் குந்திக்கினு இருக்கேன்."

அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து வந்து அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் மணிக்கட்டைத் தன் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். ரிக்‌ஷா மிதிக்கும் என் அப்பாவா இவர் என்று பிரமித்து நின்றேன். அதன்பின் அவளை யாரும் எதனோடும் கட்டவில்லை.

பக்கவாதம் வந்து அப்பாவின் வலக்கை விழுந்தபோது, விழுப்புரம் மருத்துவமனையில் அம்மா சோறு பிசைந்து ஊட்டப் போனார். அப்பா தலையை அசைத்தார்.

"ஊட்டாத. எங்கைக்கு அடியில உங்கைய வச்சித் தூக்கிக்கினு வா. பசங்களுக்கு நாங்க அப்படித்தான் பழக்குவோம்."

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், இரவு பகலாகத் துணை இருந்த சொந்தங்களுக்கும், பிள்ளைகளோடு வந்து இறுதி வணக்கம் செலுத்திய ஆசிரியைக்கும், காரியம் முடியும்வரை அம்மாவை விட்டு நகராத செல்வியின் தாயாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோருக்கும் மேலாக எங்கள் அம்மாவுக்கு நன்றி. அவரால்தான் அப்பா கடைசி வேளைவரை தம் கையாலேயே சாப்பிட்டார்.